உள்ளே இரண்டு கோடு

வலது கை விளங்காமல் போன பிறகு அப்பா இடது கையால் எழுதிய முதல் எழுத்து தமிழ் எழுத்து இல்லை. அது எழுத்து என்பதே எங்களுக்கு மூன்று மாதம் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நாங்கள் தென்காசியில் இருந்தோம். அப்பா அரிசி ஆலையில் மேஸ்திரி. மூட்டைக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, எத்தனை நாள் காய்ந்தது, எவ்வளவு சாவி என்று சொல்லிவிடுவார். உள்ளே அரிசி பிடிக்காத வெறும் நெல்லைத்தான் எங்கள் பக்கம் சாவி என்போம். நான் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பட்டாளத்தில், வடகிழக்கு எல்லையில். வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான்.

பங்குனி மாதம் ஒரு காலையில் ஆலைக் களத்தில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. சர்க்கரையும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. "பேச்சு திரும்புமா டாக்டர்?" என்று கேட்டேன். "சிலருக்குத் திரும்பும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எதைக் கேட்டாலும் "தத்தா, தத்தா" என்பார். அந்த ஒரு சத்தம்தான் மிச்சம். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. காபி வேணுமா என்றால் ஆட்டுவார், வேண்டாமா என்றாலும் ஆட்டுவார். ஆட்டிவிட்டு, தான் ஆட்டியது தப்பு என்று அவருக்கே தெரிந்து முகம் கோணும். அதைப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறார், வெளியே வர வழியில்லை.

ஆபீசில் வீணாய்ப்போன தாள்களைக் கொண்டுவந்து பின்பக்கத்தில் 'அம்மா' என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். தினம் தலைப்பு விடாமல் பேப்பர் படித்த மனுஷன். பென்சிலை எடுத்து இடது கையில் வைத்தேன். பிறகு மெதுவாக வரைந்தார்.

மேலே ஒரு படுக்கைக் கோடு. அதை வெட்டிக்கொண்டு இடது பக்கமாகச் சரிந்து இறங்கும் ஒரு கோடு. அதற்குக் கீழே, அடிப்பக்கம் மட்டும் திறந்த ஒரு கட்டம், கதவு மாட்டாத நிலை மாதிரி. வரைந்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஓர் ஆசை. 'புரியுதா?' என்கிற பார்வை.

எனக்குப் புரியவில்லை.

"வாசலுக்குப் போகணும்னு சொல்லுதாரோ?" என்றாள் அம்மா. நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேரும் தூக்கி வாசலில் வைத்தோம். அவர் "தத்தா" என்று கத்தினார். கட்டிலோ என்று கட்டிலை மாற்றிப் போட்டோம். மேசையைக் கொண்டுவந்தோம். பக்கத்து வீட்டில் இருந்து ஏணிகூட வாங்கிவந்து காட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதையேதான் திரும்ப வரைவார், இன்னும் அழுத்தமாக. தாள் கிழியும். பென்சில் முறியும். ஒரு நாள் அந்தத் தாளை எடுத்துத் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

அம்மாவுக்கு பயம் வந்துவிட்டது. "யாரோ செய்வினை வச்சிருக்கான்ட்டி. இது எந்திரம் மாதிரில்லா இருக்கு" என்று ஒரு தாளைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் எரித்தாள். நான் மீதியை என் டைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். ஏன் என்று தெரியாது. அப்பா பேசுவதாக எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஆலையில் யாரோ சொல்லி, சித்திரைக் கடைசியில் குற்றாலத்தில் ஒரு வைத்தியரைப் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும். முகத்தில் நம்பிக்கை வரவழைக்கிற ஒரு அமைதி. "நரம்பு உறங்குது தாயி, செத்துப்போகலை. சூடு கொடுத்து எழுப்பணும். இங்கனயே ரூம் எடுத்துத் தங்குங்க, சாரல் முடியுததுக்குள்ள நடக்க வச்சிருதேன்" என்றார். நடக்க வச்சிருதேன் என்று எங்களிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. வக்கீலிடம் சம்பளமில்லாத லீவு சொன்னேன். அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு ஒற்றை அறை கிடைத்தது.

முதல் வாரம் வைத்தியரே வந்து எண்ணெய் போட்டார். பிறகு என்னிடம் கற்றுக்கொடுத்துவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். நொச்சி இலையும் மணலும் சேர்த்துத் துணியில் கட்டின கிழி. அதை இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுச் சூடாக்கி, இடுப்பில் இருந்து குதிகால் வரை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். "சூடு போதுமான்னு நோயாளியைக் கேட்டுக் கேட்டுச் செய்யணும்" என்று சொல்லியிருந்தார். நானும் கேட்டேன். சத்தியமாக ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.

"அப்பா, சூடு தெரியுதா?"

தலையாட்டுவார். ஆட்டிவிட்டு, இடது கையை நீட்டி, பக்கத்துச் சுவரில் விரலால் அந்தப் படத்தைப் போடுவார். எண்ணெய் விரல் சுவரில் பளபளவென்று கோடு போடும். கோடு, சரிவு, திறந்த கட்டம்.

"பொறுங்கப்பா. இது முடியட்டும், பொறவு என்ன வேணும்னு பாக்கேன்" என்பேன். கிழியைத் திரும்பச் சட்டியில் வைப்பேன்.

நாற்பது நாள் அப்படி. ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. துணி ஒன்றும் காயாது. அறை முழுக்க எண்ணெய் வாடை. ரோட்டில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத் தலையோடு சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். எனக்கு அவர்கள் மேல் எல்லாம் கோபம் வரும்.

குதிகாலில் கொப்புளம் வந்தது. பெரிது, கோழிமுட்டை அளவு. பதறி வைத்தியரைக் கூட்டிவந்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படாதிய. கெட்ட நீரு வெளிய வருது. உணர்ச்சி திரும்புததுக்கு அடையாளம்லா இது." ஏதோ பச்சிலையை அரைத்து அப்பி, துணியால் இறுகக் கட்டினார். "ஏழு நாள் அவுக்கப்படாது. அவுத்தா நான் பொறுப்பில்லை." அம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். அன்று நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம் என்பது ஞாபகம் இருக்கிறது.

கட்டு போட்ட மூன்றாம் நாள் அண்ணன் லீவில் வந்தான். அப்பா விழுந்த பிறகு அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து நிமிர்ந்தவன் சுவரைப் பார்த்தான். எண்ணெய்க் கறையாக நூறு படம் இருந்தது அங்கே.

"இதை யாருட்டி எழுதுனா?"

"எழுதலை. அப்பா வரையுதாரு. என்னமோ கேக்காரு. என்னன்னுதான் தெரியலை."

அவன் எழுந்து சுவரை ஒட்டி நின்று பார்த்தான். "இது சீனாக்காரன் எழுத்துல்லா? எங்க போஸ்டுக்கு எதிர்ப்பக்கம் பாறையில பெயின்ட்ல இது மாதிரிதான் எழுதி வச்சிருப்பான். தினம் பைனாகுலர்ல பாக்கேன்."

அம்மா வாயில் கையை வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பத்து வருஷம் மலேயாவில், பினாங்கில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கே அவர் வேலை பார்த்தது ஒரு சீன முதலாளியின் அரிசிக் கிட்டங்கியில், அதாவது குடோனில் என்று அம்மா அப்போதுதான் சொன்னாள். மூட்டைகளின் மேல் சாக்குக்கட்டியால் குறி போடுவாராம். ஜப்பான்காரன் வந்த சண்டைக் காலத்தில் அங்கே என்ன நடந்ததோ, திரும்பி வந்த பிறகு அந்த ஊரைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மதுரையில் ஒரு சீனப் பல் வைத்தியர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். வக்கீல் அவரிடம்தான் பல்செட் கட்டியிருந்தார். மறுநாள் விடிகாலையிலேயே நானும் அண்ணனும் பஸ் ஏறினோம். என் பாடப் புத்தகத்துக்குள் இருந்த தாள்கள் மடியில் இருந்தன.

கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகள் அடுக்கிய சின்னக் கடை. வைத்தியருக்கு அறுபது வயதுக்கு மேல். மதுரைக்காரர் மாதிரியே தமிழ் பேசினார். வாயைத் திறந்துகொண்டிருந்த ஒருவரை அப்படியே விட்டுவிட்டு என் தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒன்றொன்றாகப் பார்த்து மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தார்.

"ஏன் பிரிக்கிறீங்க? எல்லாம் ஒரே படம்தானே?" என்றேன்.

"ஒண்ணு இல்லம்மா. ரெண்டு எழுத்து." ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "இதுல கட்டத்துக்குள்ள ரெண்டு கோடு இருக்கா? இது 有. உண்டு, இருக்குன்னு அர்த்தம்." இன்னொன்றைக் காட்டினார். "இதுல உள்ள கோடு இல்ல. 冇. இல்லைன்னு அர்த்தம். உள்ள ஒண்ணுமில்ல, பாருங்க."

நான் பார்த்தேன். சில தாளில் கட்டத்துக்குள் இரண்டு சின்னக் கோடு இருந்தது. கை நடுக்கத்தில் விழுந்த கீறல் என்று நினைத்திருந்தேன்.

"இந்த ரெண்டாவது எழுத்து புத்தகத்துல வராது. பள்ளிக்கூடத்துல எழுதினா எங்களுக்கு அடி விழும். தெற்குச் சீனாவுல, கான்டன் பக்கம், கடைக்காரங்களும் கூலிக்காரங்களும் எழுதுறது. எங்க ஊர்லயும் உண்டு, சத்தம்தான் வேற" என்றார்.

"ஜப்பான்காரனும் இதே எழுத்துதானே எழுதுதான்?" என்று கேட்டான் அண்ணன்.

"ஜப்பான்காரங்க, கொரியாக்காரங்க எல்லாம் எங்ககிட்டேருந்து எழுத்து வாங்கினவங்கதான். அந்த 'உண்டு' அவங்ககிட்டயும் இருக்கு. இந்த 'இல்ல' கிடையாது. இல்லைன்னு எழுத அவங்களுக்குப் பெரிய எழுத்து ஒண்ணு இருக்கு. இதைக் காட்டினா முழிப்பாங்க."

உள்ளே இருந்து அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். அவர் பிறந்தது பினாங்கு. தாளைப் பார்த்ததும் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். வைத்தியர் எங்களுக்குச் சொன்னார்: "இவ ஹொக்கியன்னு வேற ஒரு சீனப் பேச்சு பேசுறவ. அவங்க ஊர்ல இதே எழுத்துக்கு வேற அர்த்தமாம். உள்ளீடு இல்லாதது, பொக்கு. நெல்லுக்குள்ள அரிசி இல்லைன்னா அந்த நெல்லுக்கு இதுதான் பேராம். உங்கப்பா என்ன வேலை பார்த்தார்னு கேக்குறா."

"அரிசிக் கிட்டங்கியில" என்றேன்.

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்து அழுத்தினார்.

திரும்புகிற பஸ்சில் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். வாசுதேவநல்லூர் தாண்டியதும் மழை பிடித்தது. தமிழ் எழுத்தெல்லாம் மறந்துபோய் அந்த இளவயதுக் குறி மட்டும் மிஞ்ச, மூன்று மாதமாக அப்பா எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. ஏணியும் மேசையும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

குற்றாலத்துக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. நடந்ததைச் சொன்னதும் அம்மா அந்தக் கடைசி அர்த்தத்தைத்தான் பிடித்துக்கொண்டாள். "சாவியா? தன்னைத்தான்ட்டி சொல்லியிருக்காரு. நான் சாவியாப் போயிட்டேன், என்னைத் தூத்தி எறிஞ்சிருங்கன்னு சொல்லியிருக்காரு." தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்கு அதை நம்ப மனமில்லை. இரண்டு தம்ளர் எடுத்தேன். ஒன்றில் தண்ணீர் ஊற்றி அப்பா முன்னால் வைத்தேன். தாளில் கட்டம் போட்டு உள்ளே இரண்டு கோடு இழுத்தேன். அப்பா அந்தக் கோடுகளைப் பார்த்தார். அவர் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. 'தத்தா' இல்லை, வேறு சத்தம். என் கையில் இருந்து பென்சிலைப் பிடுங்கினார். தண்ணீர்த் தம்ளருக்கு முன்னால் இரண்டு கோடு உள்ள எழுத்து. வெறும் தம்ளருக்கு முன்னால் கோடு இல்லாத எழுத்து. அம்மாவின் அழுகை நின்றது. அப்பாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டான்.

அந்தச் சந்தோஷம் கால் மணி நேரம் இருந்திருக்கும்.

நான் கேள்வியாகக் கேட்டேன். பசிக்குதா அப்பா? கோடு இல்லை. நாங்க பேசுதது புரியுதா? இரண்டு கோடு. வலி இருக்கா? கோடு இல்லை. அப்போது என் கண் அந்தக் கட்டு போட்ட காலில் விழுந்தது.

"அப்பா, நான் கிழி ஒத்தும்போது சூடு தெரிஞ்சுதா?"

கோடு இல்லாத எழுத்தை எழுதினார். எழுதிவிட்டு அதையே திரும்ப எழுதினார். இன்னொரு தடவை எழுதினார். பென்சிலால் வலது காலைக் காட்டினார்.

நாற்பது நாள் நான் கேட்ட கேள்விக்கு நாற்பது நாளும் அவர் சுவரில் எழுதிக் காட்டிய பதில் அதுதான். தெரியலை. உணர்ச்சி இல்லை. நான் அதற்குப் பொறுங்கப்பா என்று சொல்லிவிட்டு இன்னும் சூடாக்கிக் கொண்டுவந்தேன்.

அண்ணன் கட்டை அவிழ்த்தான். கடைசிச் சுற்று வரும்போதே நாற்றம் வந்தது. அத்தனை எண்ணெய் வாடையில் எங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்கிறது. குதிகால் முழுக்கக் கறுத்திருந்தது. கறுப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். பிறகு வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். கதவு பூட்டியிருந்தது. கேரளாவுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ஒரு டாக்ஸி பிடித்து வந்தான்.

பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி. மறுநாள் காலையில் அறுவை டாக்டர் பார்த்தார். சின்ன வயது. எங்களைத் திட்டக்கூட இல்லை. "முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். சர்க்கரை வேற இருக்கு. இன்னிக்கே முடிவு சொல்லுங்க, நாளைக்குன்னா முழங்காலும் போகும்" என்றார்.

அப்பாவைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று நான் சொன்னேன். இப்போதுதான் கேட்க முடியுமே.

கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். "அப்பா, கால் அழுகிப்போச்சு. எடுக்காட்டி உயிருக்கு ஆபத்துங்காங்க. எடுக்கச் சம்மதமா?"

பென்சிலை வாங்கினார். கோடு இல்லாத எழுத்தை எழுதினார்.

"சரியாப் புரிஞ்சுதாப்பா? கால எடுக்கலைன்னா..."

திரும்பவும் அதையே எழுதினார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வராந்தாவில் நானும் அண்ணனும் சண்டை போட்டோம். "வேண்டாம்ங்காரு. அவரு காலு அது, அவரு சொல்லணும்" என்றேன்.

"அந்த எழுத்துக்கு வேண்டாம்னு அர்த்தம்னு அந்தப் பல் வைத்தியர் சொன்னாரா? இல்லைன்னுதானே சொன்னாரு? காலு ஏற்கெனவே இல்லைன்னு சொல்லியிருக்கலாம். உணர்ச்சி இல்லைன்னு சொல்லியிருக்கலாம். நாம சொல்லுதது புரியலைன்னுகூட இருக்கலாம்."

"உனக்கு எது சவுரியமோ அதுதான் அர்த்தமா?"

"எனக்கு அப்பா வேணும்ட்டி" என்று கத்தினான். பட்டாளத்துக்காரன், அத்தனை பேர் முன்னால் குரல் உடைந்து நின்றான்.

அம்மாவைப் பார்த்தோம். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "உசுரு இருந்தாப் போதும்" என்றாள், யாரிடமோ சொல்வது போல.

அண்ணன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். நான் போட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சண்டை போட்டது நான்தான், ஆனால் நர்ஸ் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டதும் நான்தான். அவர் செத்துப்போவார் என்ற பயம் அவர் எழுதியதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்பா பிழைத்தார். இடுப்பு வரை போர்வை போட்டு இலஞ்சி ரோட்டில் நாங்கள் குடிமாறிப் போன வீட்டின் ஜன்னலோரம் படுத்திருப்பார். ஜன்னலுக்கு வெளியே வயல். ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகு ஆறு மாதத்துக்கு அவர் பென்சிலைத் தொடவில்லை. தாளை வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு ஒரு தை மாதத்தில் அம்மா கஞ்சி கொடுத்துவிட்டு, "உப்பு இருக்கா?" என்று பழக்கத்தில் கேட்டபோது, போர்வையில் விரலால் எழுதினார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த இரண்டு எழுத்தும் தெரிந்துவிட்டிருந்தது. ஓடிவந்து என்னிடம் சொன்னாள்.

அம்மாவுக்கு எழுதினார். அண்ணன் லீவில் வரும்போது அவனுக்கும் எழுதினார். எனக்கு எழுதவே இல்லை; சம்மதமா என்று கேட்டுவிட்டு அவர் பதிலை மீறியது நான்தானே. நான் கேட்டால் எழுதாமல் பார்த்துக்கொண்டு இருப்பார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. குளிப்பாட்டியது நான், ஊசி போட்டது நான், புண் துடைத்தது நான். உடம்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார், பதிலை மட்டும் வைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டாவது தடவை வாதம் அடித்து இறந்தார். அதற்கு இடையில் நாலு வருஷம் இருந்தது. என்னை மன்னிச்சிட்டீங்களாப்பா என்று கேட்க நாலு வருஷமும் தினம் வாய் வரை வந்தது. மற்றவர்கள் எல்லாரும் எனக்கு என்ன சொன்னார்கள் என்றால், பாவம் அவருக்குத்தான் பதில் சொல்ல முடியாதே, நீ ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கிறே என்று. அவரால் சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டில் எதை எழுதுவார் என்பதுதான் தெரியாது. கடைசி வரை நான் கேட்கவில்லை.